வீட்டைக் காலி செய்யும் நாளில்

புதிய வீட்டிற்குக் குடிபோகும் நாளில் நம் இல்லங்களில் நிறைந்திருக்கும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பால் காய்ச்சுகிறோம், உறவினரையும் அண்டை அயலாரையும் அழைக்கிறோம், பங்குக் குருவை வரவழைத்து வீட்டை மந்திரிக்கச் செய்கிறோம். ஆனால் அதே வாடகை வீட்டை விட்டு வெளியேறும் நாள் எப்படி அமைகிறது? பல குடும்பங்களில் அது மனத்தாங்கலோடும் முணுமுணுப்போடும் கழிகிறது. பத்து ஆண்டுகள் உடன்பிறப்புகளைப் போலப் பழகிய இரு குடும்பங்கள், வெள்ளையடித்த கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. அடுத்த ஞாயிறு திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் கூற வேண்டிய நேரத்தில் ஒருவர் தூணுக்கு இப்புறமும் மற்றவர் அப்புறமும் நிற்கின்றனர்.

இத்தகைய பிணக்குகளில் பெரும்பாலானவை தீய எண்ணத்தால் விளைபவை அல்ல. எது யாருடைய கடமை என்பதை அறியாமையாலும், அறிந்ததை எழுதி வைக்காமையாலும் விளைபவை. "நமக்குள் என்ன எழுத்து?" என்று தொடங்கும் நட்பு, "உங்களை நம்பினேனே!" என்று முடிகிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆதலால், வாடகைக் காலம் முடியும்போது வீட்டு உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள பொறுப்புகள் எவை என்பதை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழகத்தில் நெடுங்காலம் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே நடைமுறையில் இருந்தது. ஏழைக் குடும்பங்கள் திடீரென்று தெருவில் நிறுத்தப்படாமல் காத்தது அதன் நன்மை. ஆனால் ஒரே சிறு வீட்டின் வாடகையை நம்பி வாழ்ந்த கைம்பெண்களும் ஓய்வு பெற்றவர்களும், தங்கள் தேவைக்கே அவ்வீட்டைத் திரும்பப் பெற முடியாமல் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்ததும் உண்டு. அச்சட்டம் இன்று இல்லை. உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இரு தரப்பினரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம், 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பெற்றுவிட்டது.

புதிய சட்டத்தின் அடிப்படை, எழுத்து. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; அதை வாடகை அதிகாரியிடம் தாக்கல் செய்து பதிவெண் பெற வேண்டும். நம்மில் பலர் பதினொரு மாதத்திற்கு முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும் என்று எண்ணுகின்றனர். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுவதால், அந்தச் செலவைத் தவிர்க்க எழுந்த வழக்கமே இந்தப் பதினொரு மாதம். ஆனால் 2017ஆம் ஆண்டுச் சட்டம் கால அளவைப் பார்ப்பதில்லை. பதினொரு மாத ஒப்பந்தமும் அதற்கு உட்பட்டதே.

ஒப்பந்தக் காலம் முடிந்தபின் இரு தரப்பினரும் வாய் திறக்காமல் இருந்துவிட்டால் என்ன ஆகும்? உரிமையாளர் வீட்டைத் திருப்பிக் கேட்காதவரையில், பழைய நிபந்தனைகளின்படியே அது மாதத்திற்கு மாதம் தொடர்வதாகக் கொள்ளப்படும். அதுவும் ஆறு மாதங்கள் வரையில்தான். ஆகவே காலம் முடியுமுன்பே, தொடர்வதா முடிப்பதா என்பதைப் பேசித் தீர்மானித்துக்கொள்வது இருவருக்கும் நலம். ஒப்பந்தக் காலத்தின் நடுவே உரிமையாளரோ வாடகைதாரரோ இறக்க நேர்ந்தால், எஞ்சிய காலத்திற்கு அவர்களுடைய வாரிசுகள் அந்த ஒப்பந்தத்திற்குக் கட்டுப்பட்டவர்கள். "அட்வான்ஸ் வாங்கியவர் என் தந்தை, எனக்குத் தெரியாது" என்று மகன் கைகழுவ முடியாது.

முன்னறிவிப்பு

வீட்டை விடப்போகிறவர் எவ்வளவு காலத்திற்கு முன்பு சொல்ல வேண்டும்? ஒப்பந்தத்தில் ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று எது எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே முறை. ஒன்றும் எழுதப்படாத மாத வாடகைக்கு, 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் பதினைந்து நாள் அறிவிப்பைக் குறிக்கிறது. பதினைந்து நாளில் அடுத்த வீடு பார்த்து, முன்பணம் புரட்டி, பிள்ளைகளின் பள்ளிக்கும் வழி செய்ய ஒரு குடும்பத்தால் இயலுமா? இயலாது. ஆகையால் ஒப்பந்தம் எழுதும்போதே இரண்டு மாதம் என்று எழுதிக்கொள்வது அறிவுடைமை. தேர்வுக் காலத்தில் வீட்டைக் கேட்காமல் பள்ளி விடுமுறை வரையில் பொறுத்திருக்கும் உரிமையாளர், சட்டம் கேட்பதற்கும் மேலாகச் செய்கிறவர்.

அறிவிப்பு வாய்ச்சொல்லாக இருந்தால் பின்னர் மறுக்கப்படலாம். தேதியிட்டு ஒரு கடிதம் கொடுத்து, படியில் கையொப்பம் பெற்றுக்கொள்வது இருவரையும் காக்கும். அறிவிப்புக் கொடுத்தபின், வீடு பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து காட்டுவது குடியிருப்பவரின் கண்ணியம். அதே வேளையில், அடுப்பில் உலையிருக்கும் நேரத்தில் முன்பின் அறியாதவர்களை அழைத்துக்கொண்டு நேரே அடுப்பங்கரைக்குள் நுழைவது உரிமையாளருக்கு அழகன்று. வாடகை கொடுக்கும் வரையில் அது அவர்களுடைய இல்லம். இருபத்து நான்கு மணி நேரத்திற்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டு வருவதே சட்டம் காட்டும் முறை.

தேய்மானம் வேறு, சேதம் வேறு

பிணக்குகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. பெற்றுக்கொண்ட நிலையிலேயே வீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஆனால் இயல்பான தேய்மானத்திற்கு விலக்கு அளிக்கிறது. மனிதர் வாழும் வீடு தேயத்தான் செய்யும். வெயில் படும் சுவரின் வண்ணம் மங்குவதும், மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொள்வதும், நடந்து நடந்து தரையின் பளபளப்புக் குறைவதும் தேய்மானம். அதற்கு ஈடாகத்தானே மாதந்தோறும் வாடகை கொடுக்கப்பட்டது? மாறாக, அம்மிக்குழவி விழுந்து தரைக்கல் உடைவதும், கண்ட இடத்தில் துளையிட்டு ஓடு பிளப்பதும், பிள்ளைகளின் பந்து பட்டுச் சன்னல் கண்ணாடி நொறுங்குவதும் சேதம். அதைச் சரிசெய்வது குடியிருந்தவரின் கடமை.

பழுது பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தன் அட்டவணையில் இருபுறமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. கட்டடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், மின்கம்பி இணைப்புகளைப் பேணுதல் ஆகியவை உரிமையாளர் பங்கு. குழாய்த் திருகுகளையும் அவற்றின் வாசர்களையும் மாற்றுதல், கழிவுநீர்ப் போக்கைச் சுத்தம் செய்தல், கழிவறைப் பீங்கான், கைகழுவும் தொட்டி ஆகியவற்றின் பழுதுகள், மின் சுவிட்சுகள், பூட்டு, கைப்பிடி, சன்னல் கண்ணாடி, கொசுவலை முதலியவை குடியிருப்பவர் பங்கு. தோட்டமும் சேர்த்து வாடகைக்கு விடப்பட்டிருந்தால் அதைப் பேணுவதும் அவரைச் சார்ந்ததே.

இந்தப் பட்டியலைப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும். காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் செலவைக் குடியிருந்தவர் தலையில் கட்டுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டதே தவிர, அது தானாக அவர்மேல் விழும் கடன் அன்று. ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதி இருவரும் கையொப்பமிட்டிருந்தால் வாக்குக் காக்கப்பட வேண்டும். எழுதாத ஒன்றை இறுதி நாளில் புதிதாகப் புகுத்துவது முறையாகாது.

இங்கே இன்னொன்றும் எண்ணத்தக்கது. மேல்தளத்திலிருந்து நீர் கசிகிறது என்று குடியிருப்பவர் பலமுறை சொல்லியும் உரிமையாளர் கேளாதிருந்தால், பின்னர்ச் சுவர் ஊறிப் பெயர்ந்ததற்கு அவரே பொறுப்பு. கசிவைக் கண்டும் "என் வீடா?" என்று குடியிருப்பவர் வாளாவிருந்தால், அந்த அசட்டைக்கு அவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

முன்பணம் யாருடைய பணம்?

அட்வான்ஸ் என்று நாம் வழங்கும் முன்பணம், உரிமையாளர் கையில் இருக்கும் குடியிருப்பவரின் பணம். வாடகை பாக்கிக்கும் சேதத்திற்கும் அது ஓர் அடைமானம், அவ்வளவே. சென்னை போன்ற நகரங்களில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். இருவரும் வேறுவிதமாக உடன்பட்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்று இப்போதைய சட்டம் வரையறுக்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள், நியாயமான பிடித்தங்கள் போக எஞ்சியதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கூறுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதம் ரூ.8,000 வாடகையில், ரூ.40,000 முன்பணம் கொடுத்து ஐந்து ஆண்டுகள் குடியிருந்த ஒரு குடும்பம் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளையடிப்பைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. கடைசி மாத வாடகை பாக்கி ரூ.8,000. மின்கட்டணத்தில் அவர்கள் பங்கு ரூ.640. உடைந்த சன்னல் கண்ணாடிக்கும் பழுதான குழாய்க்கும் ரூ.800. ஆக மொத்தம் ரூ.9,440 போக, அவர்களுக்குச் சேர வேண்டியது ரூ.30,560. ஆனால் உரிமையாளர் வெள்ளையடிப்புக்கென்று ரூ.18,000 பிடித்துக்கொண்டு ரூ.12,560 மட்டும் நீட்டுகிறார். அந்தக் குடும்பம் எதிர்த்துப் பேச அஞ்சி வாங்கிக்கொண்டு போகிறது. பூட்டை உடைக்கவில்லை, சுவரில் கன்னமிடவில்லை, ஆயினும் பிறர் பொருள் பதினெட்டாயிரம் ரூபாய் கைமாறிவிட்டது. ஏழாம் கட்டளையை விளக்கும் நம் திருச்சபையின் மறைக்கல்வி, ஒப்பந்தங்களை நேர்மையோடு நிறைவேற்றுவதையும், பிறர் உடைமைக்கு இழைத்த சேதத்தை ஈடுசெய்வதையும் அக்கட்டளையின்கீழ்தான் வைத்திருக்கிறது. முதலாவது உரிமையாளருக்குப் பாடம், இரண்டாவது குடியிருப்பவருக்கு.

காலதாமதமும் ஒருவகை இழப்பே. அந்தக் குடும்பம் அடுத்த வீட்டிற்கும் ரூ.40,000 முன்பணம் கொடுத்தாக வேண்டும். பழைய பணம் வராததால் நூற்றுக்கு ஐந்து வட்டிக்குக் கடன் வாங்கினால், மாதம் ரூ.2,000 வட்டிக்கே போகும். "இன்று வா, நாளை வா" என்று உரிமையாளர் இரண்டு மாதம் கடத்தினால் ரூ.4,000 போயிற்று, அது அவர்களுடைய அரை மாத வாடகை. ஏழையிடம் அடகாக வாங்கிய மேலாடையைக் கதிரவன் மறையுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று விடுதலைப் பயண நூல் இஸ்ரயேலருக்குக் கட்டளையிடுகிறது. இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறொன்று இல்லை என்பதே அது காட்டும் காரணம். வாடகை வீட்டில் வாழும் எளிய குடும்பத்திற்கு முன்பணம் அத்தகைய மேலாடையே. அதைத் திருப்பித் தருவது தயவு அன்று, நீதி.

எனினும் உரிமையாளரின் நிலையையும் நாம் மறந்துவிடலாகாது. நம் பங்குகளில் வீட்டை வாடகைக்கு விடுவோர் எல்லாரும் செல்வர் அல்லர். முன்பகுதியை வாடகைக்கு விட்டுப் பின்பகுதியில் வாழும் முதியவர்கள் எத்தனையோ பேர். வாங்கிய முன்பணம் மகளின் திருமணத்திலோ மருத்துவச் செலவிலோ கரைந்திருக்கும். புதிதாக வருகிறவர் கொடுத்தால்தான் போகிறவருக்குக் கொடுக்க முடியும் என்ற நிலை. இது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் அந்த இடர்ப்பாட்டைச் சாவி வாங்கும் நாளன்று சொல்வதில் பயனில்லை. அறிவிப்புக் கிடைத்த அன்றே சொல்லி, அறிவிப்புக் காலத்தைப் பணம் சேர்க்கப் பயன்படுத்த வேண்டும். வாங்கும் முன்பணத்தை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவிடுவோருக்கு இந்தக் கவலையே இல்லை.

குடியிருப்பவர் பக்கமும் ஒரு தவறான பழக்கம் உண்டு. காலி செய்யத் தீர்மானித்த உடனே வாடகையை நிறுத்திவிட்டு, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று கூறிவிடுவது அது. இருவரும் இசைந்து செய்தால் தவறில்லை. ஒருவராகவே முடிவு செய்தால், உரிமையாளரின் கையிலிருந்த ஒரே காப்பு பறிபோகிறது. கடைசி நாளில் குளியலறைத் தொட்டி பிளந்து கிடந்தால் அவர் எதிலிருந்து பிடிப்பார்?

ஒத்தி வீடு

மாத வாடகையின்றி, பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு ஓரிரு ஆண்டுகள் குடியிருக்கும் முறை நம்மிடையே உண்டு. ஒத்தி என்றும் போக்கியம் என்றும் அதைச் சொல்வர். நகரத்தில் லீஸ் என்பர். இதில் காலம் முடியும் நாள் இன்னும் கவனத்திற்குரியது. ஏனெனில், சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பும் விற்ற நகையும் அந்த ஒரே தொகையில் அடங்கியிருக்கும். முழுத்தொகை கைக்கு வரும்போதுதான் சாவி கைமாற வேண்டும்; இரண்டும் ஒரே வேளையில் நடைபெறுவது நலம். எழுத்தும் சாட்சியும் இன்றி இலட்சங்களைக் கொடுப்பதும், பதிவு செய்யாமல் இருப்பதும் ஆபத்தானவை. கொடுக்குமுன் வில்லங்கச் சான்று எடுத்து, அந்த வீடு வேறு எவரிடமேனும் அடமானத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீடு கடனில் மூழ்கிவிட்டால் ஒத்திப் பணமும் அதனோடு தத்தளிக்கும்.

வெளியேற மறுப்பதும், விரட்டியடிப்பதும்

காலம் முடிந்தபின்னும் வீட்டை விடாமல் இருப்பவருக்குச் சட்டம் கடுமை காட்டுகிறது. முதல் இரண்டு மாதங்களுக்கு வாடகையின் இருமடங்கும், அதன்பின் நான்கு மடங்கும் இழப்பீடாகக் கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. "எங்கே போவேன்?" என்ற கேள்வி உண்மையானதாக இருக்கலாம். அப்படியானால் உரிமையாளரிடம் மனம்விட்டுப் பேசி, ஒரு நாளைக் குறித்து, அந்த நாளைக் காப்பாற்ற வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் நீட்டிப்பது பிறர் உடைமையைப் பிடித்து வைத்துக்கொள்வதாகும்.

உரிமையாளரும் தம் கையாலேயே நீதி செய்துகொள்ளப் புகலாகாது. தண்ணீரை அடைப்பது, மின்சாரத்தைத் துண்டிப்பது ஆகியவற்றைச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. வீட்டார் இல்லாத வேளையில் பூட்டின்மேல் பூட்டுப் போடுவதும் பாத்திரம் பண்டங்களைத் தெருவில் வைப்பதும் அதற்குச் சற்றும் குறைந்த கொடுமைகள் அல்ல. வாடகையை வாங்க உரிமையாளர் மறுத்தால், அதை வாடகை அதிகாரியிடம் செலுத்தக் குடியிருப்பவருக்கு வழி இருக்கிறது. வீட்டைத் திரும்பப் பெறுவதற்கும் மற்றப் பிணக்குகளுக்கும் வாடகை நீதிமன்றம் இருக்கிறது. அவ்வளவு தொலைவு போகுமுன், இருவருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவர் முன்னிலையில் அமர்ந்து பேசுவது நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும், உறவையும் காக்கும்.

சாவி கைமாறும் நாளில்

இறுதியாக, அந்த ஒரு நாளில் செய்ய வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன்.

சாமான்களை ஏற்றியபின், வெறும் வீட்டை இருவரும் சேர்ந்து அறை அறையாகச் சுற்றிப் பாருங்கள். குழாய்களைத் திறந்தும், விளக்குகளைப் போட்டும், கதவுகளைச் சாத்தியும் பாருங்கள். குடியேறிய நாளில் இதேபோல் பார்த்து ஒரு பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டிருந்தால், கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தால், இன்று வாக்குவாதத்திற்கே இடமில்லை. சுவரில் இருந்த விரிசல் பழையதா புதியதா என்பதை அந்தப் படமே சொல்லிவிடும்.

மின்கட்டணம் கணக்கெடுக்கும் நாளும் வீட்டைக் காலி செய்யும் நாளும் ஒன்றாக அமைவது அரிது. ஆதலால் வெளியேறும் நாளின் மின்னளவை இருவரும் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதுவரையிலான தொகையைத் தீர்த்துவிடுங்கள். இல்லையேல் அடுத்துக் குடிவருகிறவர் உங்கள் கடனைச் சுமப்பார்.

உங்கள் செலவில் மாட்டிய மின்விசிறி, அலமாரி, கொசுவலை ஆகியவற்றை, வீட்டிற்குச் சேதமில்லாமல், சாவியைக் கொடுக்குமுன்பே கழற்றி எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் துளைகளை அடைத்துவிட்டுச் செல்லுங்கள். உடைந்த நாற்காலியையும் பழைய பாயையும் மாடியில் விட்டுச் செல்லாதீர்கள். வீட்டைப் பெருக்கிக் கழுவிக் கொடுப்பது எந்தச் சட்டத்திற்காகவும் அன்று. அடுத்து வரும் தாய் ஒருத்தி அந்த அடுப்பங்கரையில் காலடி வைக்கப் போகிறாள் என்பதற்காக.

சாவிகளை, மாற்றுச் சாவிகளையும் சேர்த்து, எண்ணிக் கொடுங்கள். கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள்: முன்பணம் எவ்வளவு, எதற்கு எவ்வளவு பிடித்தம், திருப்பித் தந்தது எவ்வளவு, பாக்கி இருந்தால் எந்தத் தேதியில். பிடித்தம் ஒவ்வொன்றிற்கும் ரசீது காட்டுவது உரிமையாளருக்குப் பெருமையே. இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், எரிவாயு இணைப்பு ஆகியவற்றில் முகவரியை மாற்றுவதையும் தள்ளிப்போட வேண்டாம். வேறு பங்கிற்குச் செல்வோர் பழைய பங்குக் குருவிடம் கடிதம் பெற்றுச் சென்றால், பிள்ளைகளின் திருவருட்சாதனங்களுக்கு அலைய நேராது.

அன்பார்ந்த குடும்பங்களே, வாடகை வீட்டில் கழிந்த ஆண்டுகள் வாழ்வின் வெளியே நிற்பவை அல்ல. அங்கேதான் குழந்தை நடை பயின்றது. அங்கேதான் பாட்டி கண் மூடினார். மாலைதோறும் செபமாலை ஒலித்ததும் அங்கேதான். அந்த வீட்டின் கதவைக் கடைசியாகச் சாத்தும்போது, ஒருவருடைய பொருள் மற்றவரிடம் தங்கியிருக்கலாகாது. உரிமையாளர் பணத்தை நிறைவாகக் கொடுக்கட்டும். குடியிருந்தவர் வீட்டை நிறைவாகக் கொடுக்கட்டும். அப்போது மறுநாள் தெருவில் எதிர்ப்படும் வேளையில் இருவரும் நின்று நலம் விசாரிக்க முடியும்.